காப்பிக் கடை தொடங்குவோர் முதலில் பாலைத் தேடுங்கள்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை வட்டாரத்தில் காப்பிக் கடை வைக்க விரும்பும் பலர் முதலில் இடம் பார்க்கிறார்கள், பிறகு பெயர்ப் பலகை எழுதுகிறார்கள், பாலைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முதல் படி: பால்

கும்பகோணம் காப்பிக்கு ‘டிகிரி’ என்ற பெயர், பாலின் தரத்தை, அதன் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரில் டிகிரி கணக்கில் பார்த்து வாங்கியதால் வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். அந்தக் கருவி இன்றும் உங்களுக்குத் தேவை. ஆனால் கறந்த சூட்டோடு அதை மிதக்கவிட்டால் நல்ல பாலும் குறைவாகக் காட்டும். நுரை அடங்கி ஆறிய பிறகே பார்க்க வேண்டும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடும், தண்ணீர் ஊற்றினால் குறையும். இரண்டையும் ஒன்றாகச் செய்தவரின் பால் லாக்டோமீட்டரில் தேறிவிடும். ஆகவே ஒரு டம்ளர் பாலைத் தனியாகக் காய்ச்சி ஆறவிட்டு, ஆடை எவ்வளவு கனமாகப் படிகிறது என்று நாள்தோறும் பாருங்கள். என் கடையின் முதல் கோடையில் இதைச் செய்யத் தவறினேன். பத்தே நாளில் காலை வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள், அவர்களைத் திரும்ப அழைத்துவர ஆடி மாதம் ஆயிற்று.

பாலை மொத்தமாகக் காய்ச்சி நாள் முழுவதும் அடுப்பில் வைத்திருக்காதீர்கள். இரண்டு மூன்று லிட்டராகக் காய்ச்சுவதே சுவையைக் காக்கும்.

இரண்டாம் படி: டிக்காக்ஷன்

காப்பிக் கொட்டை டெல்டாவில் விளைவதில்லை. ஏற்காடு, குடகு, சிக்மகளூர் போன்ற மலைப் பகுதிகளிலிருந்துதான் வர வேண்டும். ஒற்றை மணியாக உருண்டிருக்கும் பீபெரியும், பெரிய மணிகளான பிளாண்டேஷன் ஏ ரகமும் கலந்து வறுத்து, அன்றன்று அரைத்துத் தருபவரிடம் வாங்குங்கள். சிக்கரி இருபது விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. அது நிறத்தையும் கெட்டித்தன்மையையும் தரும், மணத்தைத் தராது.

100 கிராம் தூளை ஃபில்டரில் இட்டு, லேசாக அமுக்கி, கொதிக்கும் தண்ணீர் 500 மில்லியை மெதுவாக ஊற்றினால், தூள் உறிஞ்சியது போக ஏறத்தாழ 300 மில்லி இறங்கும். காப்பி ஒன்றுக்கு 30 மில்லி டிக்காக்ஷனும் 100 மில்லி பாலும் என்று கொண்டால் பத்துக் காப்பிக்கு அது போதும். ஐந்து மணிக்குக் கடை திறப்பவர் நான்கு மணிக்கே ஃபில்டர் போட்டிருக்க வேண்டும், ஏனெனில் அவசரப்படுத்தி இறக்கும் டிக்காக்ஷன் தண்ணீராகத்தான் இருக்கும். இறங்கியதை நேராக அடுப்பில் சூடாக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் காப்பாற்றுங்கள். நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பாக இருப்பதால், அங்கே நல்ல தண்ணீருக்குத் தனிச் செலவு ஒதுக்க வேண்டும்.

மூன்றாம் படி: இடம்

நவக்கிரகத் தலங்களான ஆலங்குடியில் வியாழக்கிழமையும் சூரியனார்கோவிலில் ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் நெரியும். அந்த ஒரு நாளை மட்டும் பார்த்து வாடகை பேசிவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அதே இடத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். பேருந்துக்கு நிற்பவர்களும் கடைவீதிக்காரர்களும் நாள்தோறும் வரும் மூலைதான் புதியவருக்கு ஏற்றது.

நான்காம் படி: அனுமதியும் பாத்திரமும்

உணவுப் பாதுகாப்புத் துறையில் உங்கள் விற்பனை அளவுக்கு ஏற்பப் பதிவோ உரிமமோ பெற்று, அதன் 14 இலக்க எண்ணைக் கடையில் தெரியும்படி வைக்க வேண்டும். வீட்டு சிலிண்டரைக் கடையில் பயன்படுத்தக் கூடாது. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. பித்தளை டபரா செட் அழகானதுதான்; ஆனால் நாள்தோறும் புளி போட்டுத் துலக்க ஆள் இல்லாதவர் எவர்சில்வரில் தொடங்கலாம்.

ஐந்தாம் படி: கணக்கு

மேற்சொன்ன அளவின்படி ஒரு கிலோ தூளில் நூறு காப்பி, ஒரு லிட்டர் பாலில் பத்துக் காப்பி. தூள் விலையை நூறாலும் பால் விலையை பத்தாலும் வகுத்து, சர்க்கரை, எரிவாயு, வாடகை, கூலி ஆகியவற்றின் பங்கைச் சேர்த்த பிறகே விலை வையுங்கள். முகூர்த்த நாட்களுக்கு முன்கூட்டியே கூடுதல் பால் சொல்லிவைக்க வேண்டும், ஏனெனில் அன்று கல்யாண மண்டபங்கள் பாலை அள்ளிக்கொள்ளும். இரவு கடை சாத்தும்போது, செலவான பாலையும் விற்ற காப்பியையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இருபது லிட்டருக்கு இருநூறு காப்பி வராமல் நூற்றெண்பதில் நின்றால், பால் பொங்கி வழிந்ததா, அளவுக் கரண்டி மாறியதா, கடன் எழுதாமல் விடப்பட்டதா என்று அன்றே கேட்டறிந்துவிட வேண்டும்.