திறமூல மென்பொருளுக்கு ஒரு விலங்கு மாஸ்காட்: தேர்ந்தெடுப்பது எப்படி?

லினக்ஸ் இயங்குதளம் என்றதும் கண்முன் வருவது அதன் மாஸ்காட், அதாவது அடையாளச் சின்னமான பென்குயின். 1996-இல் லாரி யூவிங் ஜிம்ப் மென்பொருளில் வரைந்த படம் அது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் குண்டுப் பென்குயின்தான் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு வேண்டியிருந்தது. உங்கள் திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) புராஜெக்ட் சின்னதாக இருந்தாலும் இப்படி ஒரு முகம் கொடுக்கலாம்.

படி 1: தொடர்பைத் தேடுங்கள்
ஓபன்பிஎஸ்டி பாதுகாப்புக்குப் பெயர்போன இயங்குதளம். அதன் மாஸ்காட், ஆபத்து வந்தால் உடம்பை ஊதிக்கொள்ளும் பேத்தை மீன். அதில் கடவுச்சொற்களைக் காக்கும் குறியாக்க முறையின் பெயரும் புளோஃபிஷ்தான், ஆங்கிலத்தில் அதுவும் பேத்தை மீனே. இவ்வளவு கச்சிதமாக அமையாவிட்டாலும் பரவாயில்லை. பெருந்தரவைக் கையாளும் ஹடூப் மென்பொருளின் மஞ்சள் யானை, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டக் கட்டிங்கின் மகன் வைத்திருந்த பொம்மையிலிருந்து வந்தது.

படி 2: வேறு யாராவது வைத்திருக்கிறார்களா?
யானையை மட்டும் விட்டுவிடுங்கள். பிஎச்பி நிரல்மொழி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், ஹடூப் மூன்றுக்கும் யானைதான். பெயரையும் தேடிப் பாருங்கள். பீனிக்ஸ் என்று தொடங்கிய உலாவி, வணிகமுத்திரைச் சிக்கலால் ஃபயர்பேர்ட் ஆனது. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு தரவுத்தள மென்பொருள் இருந்ததால் 2004-இல் ஃபயர்ஃபாக்ஸ் என்று மறுபடியும் மாற்ற வேண்டியதாயிற்று.

படி 3: சிறியதாக வரைந்து பாருங்கள்
இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில், எந்த அளவுக்கு மாற்றினாலும் தெளிவு குறையாத எஸ்விஜி கோப்பாக வரையுங்கள். பிறகு 16 பிக்சலுக்குச் சுருக்கி, கறுப்பு நிறத்தில் மட்டும் பாருங்கள். மயில் தோகை விரித்திருந்தால் அந்த அளவில் வெறும் திட்டாகிவிடும். ஆந்தைக்கு இரண்டு வட்டக் கண்கள் மிஞ்சும், அது போதும். காகிதத்தில் பேனாவால் அரை நிமிடத்தில் வேறொருவரால் வரைய முடிகிறதா என்றும் சோதியுங்கள்.

படி 4: படத்துக்குத் தனி உரிமம்
பலர் நிரலுக்கு எம்ஐடி, ஜிபிஎல் போன்ற திறமூல உரிமங்களைப் பார்த்துப் பார்த்து வைப்பார்கள், படத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். எனக்கு இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். மாஸ்காட்டை மற்றவர்கள் தொப்பி போட்டு, வேட்டி கட்டி, மாற்றி வரைய வேண்டும். அப்போதுதான் அது எல்லோருடையதும் ஆகும். ரெனே ஃபிரெஞ்ச் வரைந்த, கோ நிரல்மொழியின் கோஃபர் (வளை தோண்டும் ஒரு கொறிவிலங்கு), வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. ரஸ்ட் நிரல்மொழியின் நண்டு ஃபெர்ரிஸை யாரும் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் பயன்படுத்தலாம். படம் இருக்கும் ஃபோல்டரில் உரிமக் கோப்பு ஒன்றையும் வையுங்கள். ஓவியருக்குக் காசு கொடுத்து வரையச் சொன்னால், எந்த உரிமத்தில் வெளியிடப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைத்த படம் வேண்டவே வேண்டாம்.

படி 5: பெயர்
பெயரைப் பயனர்களிடமே கேளுங்கள். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் டால்ஃபினுக்கு 'சகிலா' என்ற பெயர் போட்டி வைத்துத்தான் கிடைத்தது. அனுப்பியவர் ஆப்பிரிக்காவின் ஸ்வாசிலாந்தை (இப்போது எஸ்வாட்டினி) சேர்ந்த மென்பொருளாளர். பெயர் முடிவானதும் மூல எஸ்விஜி, பெரிய பிஎன்ஜி, குட்டி ஐகான் மூன்றையும் ரெப்போவில் (நிரல் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தில்) ஏற்றிவிடுங்கள். மாநாட்டுக்கு ஸ்டிக்கர் அடிக்க நினைப்பவர் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.