பத்தாண்டு சாலைப் பராமரிப்புத் திட்டம் போடுவது எப்படி? மதுரைச் சுற்றுவட்டாரச் சாலைகளை வைத்து ஒரு செய்முறை

சாலைச் சொத்து என்றதும் தார்தான் நினைவுக்கு வரும். சிறுபாலம், வடிகால், பெர்ம் (தாரை ஒட்டிய மண் ஓரம்), தடுப்புச்சுவர், கி.மீ. கல் எல்லாமே சொத்துதான். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுள் உண்டு. எந்த ஆண்டு, எந்த இடத்தில், என்ன வேலை என்று அந்த ஆயுளைப் பார்த்து முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் திட்டம்.

படி 1: பதிவேடு

சாலையை 1 கி.மீ. துண்டுகளாகப் பிரியுங்கள். நடுவில் மண்ணோ அகலமோ மாறினால் அங்கேயும் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அகலம், கடைசியாகத் தார் போட்ட ஆண்டு, அதன் கனம் (தடிமன்), அடியில் உள்ள மண் ஆகியவை வேண்டும். ஆண்டும் கனமும், செய்த வேலையின் அளவுகளைக் குறித்துவைக்கும் பழைய அளவுப் புத்தகத்தில் இருக்கும். இல்லாவிட்டால் ஓரத்தில் ஒரு சோதனைக் குழி வெட்டி, அடுக்குகளை அளந்துவிடுங்கள். ஊகமாக எழுதிய கனம் பின்னால் எல்லாக் கணக்கையும் கெடுக்கும்.

சிறுபாலங்களுக்குத் தனித் தாள்: எத்தனை கண், எவ்வளவு மண் அடைத்திருக்கிறது, கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால்வாய் அதன் வழியாகப் போகிறதா. நம் பக்கம் இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். வரத்துக்கால் அடைத்துக்கொண்டால் சாலையே கரையாகி, தண்ணீரைத் தேக்கிவைக்கும்.

படி 2: நடந்து அளத்தல்

ஜீப்பில் உட்கார்ந்து பார்த்தால் பள்ளம் தெரியும், விரிசல் தெரியாது. 3 மீட்டர் நேர்சட்டம், சட்டத்துக்கு அடியில் உள்ள இடைவெளியை அளக்கும் அளவு ஆப்பு, டேப்போடு நடந்து போங்கள். மாநில நெடுஞ்சாலையில் விரிசல் பரப்பு 5 சதவீதத்துக்குள், சக்கரத்தடத்தின் ஆழம் 5 மி.மீ.க்குள் இருந்தால் நல்ல நிலை. இரண்டில் எது 10ஐத் தாண்டினாலும் மோசம். இடைப்பட்டவை நடுத்தரம். பிட்டுமினஸ் கான்கிரீட் (தாரும் ஜல்லியும் கலந்த நெருக்கமான மேல்கலவை) மேற்பரப்பில் மேடுபள்ள அளவு, அதாவது கருவியை ஓட்டிப் பதியும் குலுக்கல்களின் கூட்டுத்தொகை, கி.மீ.க்கு 2000 மி.மீ.க்குக் கீழே இருந்தால் நல்லது, 3000ஐத் தாண்டினால் மோசம்.

சாலையின் தாங்குதிறனைப் பெங்கல்மேன் பீம் (லாரிச் சக்கரத்தின் சுமையில் சாலை எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் கருவி) கொண்டு பார்ப்பதானால் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு பாருங்கள். மண் அப்போதுதான் மிகவும் தளர்ந்திருக்கும். சித்திரையில் அளந்தால் எல்லாச் சாலையும் தேறிவிடும்.

படி 3: ஏன் கெட்டது?

இதை எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் கரிசல் மண். கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். அதனால் சாலை ஓரத்தில் நீளவாக்கில் வெடிப்பு விடும். அதன் மேல் எவ்வளவு தார் போட்டாலும் வெடிப்பு மேலே வந்துவிடும். பெர்மையும் வடிகாலையும் சரிசெய்து, மண்ணுக்குள் ஈரம் ஏறி இறங்குவதைக் குறைக்க வேண்டும்.

மேலூர்ப் பக்கம் கதை வேறு. பெரியாறு பாசன வயல்களின் தண்ணீர் சாலையின் அடிமண் வரை ஊறும். போதாக்குறைக்குக் கல் ஏற்றிய லாரிகள். ஓர் அச்சின் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும். ஆகவே வண்டிகளை எண்ணுவது மட்டும் போதாது. அச்சு எடையும் தெரிய வேண்டும். போக்குவரத்துக் கணக்கெடுப்பை 7 நாள் தொடர்ந்து, இரவும் பகலும் நடத்துங்கள்.

மழை பெய்யும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள். 7 மீட்டர் சாலையில் நடுவிலிருந்து இருபுறமும் 2.5 சதவீத வாட்டம் என்றால் நடுமுதுகு ஓரத்தைவிட 87 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். வாட்டம் சரியாக இருந்தும் ஓரத்தில் தண்ணீர் நின்றால், புல்லும் மண்ணும் சேர்ந்து பெர்ம் சாலையைவிட உயர்ந்திருக்கிறது. அதைச் சீவிவிட்டாலே பாதி நோய் தீரும். செலவும் சொற்பம்.

படி 4: எப்போது, எது?

மிக மோசமான சாலைக்கே முதல் பணம் என்பது வழக்கம். மக்கள் கேட்பதும் அதைத்தான், அவர்கள் கேட்பது நியாயமும்கூட. ஆனால் பணம் முழுவதும் அங்கே போனால், நடுத்தர நிலையில் உள்ள சாலைகள் அதற்குள் மோசமாகிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 7 மீட்டர் அகலச் சாலையில் 1 கி.மீ.க்கு 30 மி.மீ. மேலடுக்கு போடச் சுமார் 500 டன் கலவை, அதில் 27 டன் தார். நான்கைந்து ஆண்டு தள்ளிப்போட்டு விரிசல் வலையாகப் பரவிவிட்டால், முதலில் 50 மி.மீ. டி.பி.எம். (மேலடுக்குக்கு அடியில் வரும் கெட்டியான தார்க்கலவை அடுக்கு) போட்டு அதன் மேல்தான் அந்த 30 மி.மீ. போட முடியும். தார் மட்டுமே 65 டன் ஆகிவிடும். அடியிலுள்ள ஜல்லியில் தண்ணீர் இறங்கியிருந்தால் தோண்டிப்போடும் செலவு தனி.

அதனால் ஒவ்வொரு ஆண்டின் பணத்தையும் இந்த வரிசையில் ஒதுக்குங்கள்: முதலில் வடிகால், சிறுபாலம், விரிசல் அடைப்பு, அடுத்து நடுத்தரத் துண்டுகளுக்கு மேலடுக்கு, மீதியில் மோசமான துண்டுகளைப் புதுப்பித்தல். முறை வரும்வரை மோசமான துண்டுகளில் பள்ளங்களைச் சதுரமாக வெட்டி, டாக் கோட் (புதுக் கலவை ஒட்டிக்கொள்ள அடிக்கும் மெல்லிய தார்ப் பூச்சு) அடித்து நிரப்பிப் பாதுகாப்பாக வைத்திருங்கள். ஊருக்கு அது ஒன்றே வழி, மருத்துவமனைக்கும் அதில்தான் போக வேண்டும் என்றால் வரிசையை மாற்றத் தயங்க வேண்டாம்.

உசிலம்பட்டி போன்ற ஊர்களின் கடைவீதியில் பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புது அடுக்கு. இல்லாவிட்டால் சாலை வீட்டு வாசற்படிக்கு மேலே ஏறும். பாலங்களிலும் அப்படியே, ஒவ்வொரு அடுக்கும் பாலத்துக்குச் சுமை.

படி 5: மாதக் கணக்கு

சிறுபாலம் தூர்வாருவது செப்டம்பருக்குள் முடிய வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தார் வேலை வேண்டாம். ஜனவரியில் மறுபடி நடந்து அளந்து, போன ஆண்டு எண்களோடு ஒப்பிடுங்கள். எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கெட்ட துண்டில் முதலில் வடிகாலைப் பாருங்கள், பிறகு அச்சு எடையை.

குடிநீர்க் குழாய்க்கோ கேபிளுக்கோ சாலையை வெட்ட அனுமதி கொடுத்தால், இடத்தையும் தேதியையும் அன்றே பதிவேட்டில் ஏற்றுங்கள். வெட்டிய பள்ளத்தை 150 மி.மீ. அடுக்குகளாக, நனைத்து இடித்து நிரப்பியிருக்கிறார்களா என்று நேரில் பார்த்த பிறகே மேலே தார் போட விடுங்கள்.