கந்தகம் குறைந்த எஃகு: வெல்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஃகு ஆலை தரும் சான்றிதழில் கந்தகம் 0.04 சதவீதம் என்று பார்த்ததும், "இவ்வளவுதானே" என்று பலர் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். கந்தகம் எஃகில் சீராகப் பரவிக் கிடந்தால் அது சரிதான். ஆனால் வெல்டிங்கில் உருகிய உலோகம் ஓரங்களிலிருந்து உறையத் தொடங்கும். கந்தகமோ கடைசியாக உறையும் நடுக்கோட்டில் போய்த் திரளும். இரும்பு உருகுவது 1538 டிகிரி செல்சியஸில். இரும்பும் இரும்பு சல்பைடும் சேர்ந்த கலவையோ 988 டிகிரி வரை திரவமாகவே இருக்கும். சுற்றிலும் இறுகிய உலோகம் சுருங்கி இழுக்க, நடுவில் உள்ள அந்த மெல்லிய படலம் பிளந்துவிடும்.

மாங்கனீசு போதிய அளவு இருந்தால் கந்தகத்தை அது பிடித்துக்கொள்ளும், இந்தச் சூட்டு விரிசல் பெரிதும் குறையும். அதோடு கவலை தீர்ந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. தகட்டை உருட்டும்போது மாங்கனீசு சல்பைடு துகள்கள் நசுங்கி நீள்கின்றன. தடித்த தகட்டின் முகத்தில் இன்னொன்றைச் செங்குத்தாக வைத்து வெல்டிங் செய்தால், சுருக்கம் தகட்டைத் தடிமன் திசையில் இழுக்கும். உள்ளே படிக்கட்டுப் போலக் கிழியும். வெளியே எதுவும் தெரியாமலும் போகலாம். மீயொலிச் சோதனையில்தான் அகப்படும். கந்தகத்தை மிகவும் குறைப்பதன் பெரிய பயன் இங்கேதான். இத்தகைய இணைப்புக்குத் தடிமன் திசையில் சோதித்த தகட்டையே கேளுங்கள். ஐரோப்பியத் தரநிலை 10164-இல் இசட் 15, இசட் 25, இசட் 35 என மூன்று தரங்கள் உண்டு; எண் கூடினால் அந்தத் திசையில் கிழியாமல் தாங்கும் திறனும் கூடும்.

கடைசல் வேலைக்கென்று வரும் கம்பிகளில் கந்தகத்தை வேண்டுமென்றே 0.3 சதவீதம் வரை சேர்ப்பார்கள். கையில் மீந்து கிடக்கிறதே என்று அதை வெல்டிங் வேலைக்கு எடுக்கவே கூடாது. வெட்டெண்ணெய் படிந்த பரப்பைத் துடைக்காமல் வெல்டிங் செய்வதும் கந்தகத்தை நாமே உள்ளே விடுவதுதான்.

கந்தகம் குறைவு என்பதற்காக முன்சூடேற்றத்தை விட்டுவிடுவது இன்னொரு தவறு. வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து வரும் விரிசல், ஈரத்திலிருந்து உலோகத்துக்குள் புகும் ஹைட்ரஜனின் வேலை. அதற்கு உலர்ந்த எலக்ட்ரோடும் முன்சூடும்தான் மருந்து.

எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பதும் துருப்பிடிக்காத எஃகில் பொய்க்கிறது. கந்தகம் 0.005 சதவீதத்துக்கும் கீழே போனால், டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் மின்முனையும் மந்த வாயுவும் கொண்டு செய்வது) உருகிய உலோகம் பக்கவாட்டில் பரவி, ஆழமாக ஊடுருவாது. கந்தக அளவு வேறுபடும் இரு குழாய்களை இணைத்தால், உருகிய குளம் கந்தகம் குறைந்த பக்கமே சாயும். ஆகவே இரண்டின் சான்றிதழ்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே மின்னோட்டத்தை முடிவுசெய்யுங்கள்.