மேற்கோள் நோட்டு எழுதத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளைக் கிழித்ததும் அப்பா தூக்கிப் போடமாட்டார். அடியில் அச்சிட்டிருக்கும் பொன்மொழி பிடித்திருந்தால் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டிவிடுவார். பசை காய்ந்து மஞ்சளாகிப்போன அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. பாதி இடத்தில் சொன்னவர் பெயராக வெறும் 'ஓர் அறிஞர்' என்றுதான் இருக்கும். அந்த அறிஞர்களைத் தேடிப் போனதில் நான் கற்றுக்கொண்ட முறை இது.

படி 1: இடது பக்கத்தைக் காலியாக விடுங்கள்

கோடு போட்ட சாதாரண நோட்டு போதும். மேற்கோளை வலது பக்கத்தில் எழுதுங்கள். இடது பக்கம் நீங்கள் பின்னால் கண்டுபிடிக்கப்போகும் விவரங்களுக்கு.

படி 2: சொல் மாறாமல் எழுதுங்கள்

குறளென்றால் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். 'மெய்ப்பொருள் காண்பது அறிவு' என்று முடியும் குறள்கள் இரண்டு உண்டு. 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்பது 423, அறிவுடைமை. 'எப்பொருள் எத்தன்மைத் தாயினும்' என்பது 355, மெய்யுணர்தல். மேடையில் இரண்டையும் கலந்து சொல்பவர்கள் நிறைய.

படி 3: சொன்னது அவர்தானா?

அதிக நேரம் பிடிப்பது இதுதான். அவசரப்படாதீர்கள்.

'உலகில் காண விரும்பும் மாற்றமாக நீயே இரு' என்று காந்தி பெயரில் சுவரெல்லாம் எழுதியிருக்கிறது. அவருடைய எழுத்துகளும் பேச்சுகளும் 100 தொகுதிகளாக வந்திருக்கின்றன; இந்த வாக்கியம் அவற்றில் இல்லை. ஆனால் 1913இல், தென்னாப்பிரிக்காவில் அவர் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் உடல்நலம் பற்றி அவர் எழுதிவந்த தொடரில், பாம்புக்கடி குறித்த கட்டுரையில், நாம் நம்மை மாற்றிக்கொண்டால் உலகின் போக்கும் மாறும் என்ற கருத்து வருகிறது. சுவரில் இருப்பதைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பாம்பைக் கொல்வதா வேண்டாமா என்று உண்மையாகவே குழம்பும் ஒரு மனிதரின் குரல் இதில் கேட்கிறது.

கருத்துரிமை பற்றிப் பேச்சு வந்தாலே, 'நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்' என்பதைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் பெயரில் சொல்வார்கள். வால்டேர் இறந்தது 1778இல். அவருடைய மனப்போக்கைச் சுருக்கிச் சொல்ல ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற எழுத்தாளர் 1906இல் எழுதிய வரி அது. நோட்டில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதுங்கள். அவருக்குச் சேர வேண்டியது அது.

படி 4: எப்போது, எதற்காகச் சொன்னார்?

'பட்டாம்பூச்சியாய் மித, தேனீயாய்க் கொட்டு' என்பது குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் வார்த்தை. அதை உலகறியச் செய்தது 1964 பிப்ரவரியில் அமெரிக்காவின் மயாமி பீச்சில், அன்றைய உலகச் சாம்பியன் சானி லிஸ்டனுடன் நடந்த போட்டி. அப்போது அலியின் பெயர் கேசியஸ் கிளே, வயது 22. அவர் தோற்றுவிடுவார் என்றே பெரும்பாலானோர் நினைத்தார்கள். ஏழாவது சுற்றுக்கு லிஸ்டன் இருக்கையை விட்டு எழவே இல்லை. இந்த நாலு வரியை இடது பக்கத்தில் எழுதிவிட்டு மேற்கோளை மறுபடி படித்துப் பாருங்கள். அலியோடு சேர்ந்து அந்த வரியை உருவாக்கிய அவருடைய உதவியாளர் ட்ரூ பண்டினி பிரவுனின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: முன்னும் பின்னும் படியுங்கள்

'யாதும் ஊரே யாவரும் கேளிர்.' புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார். நம்மில் பலரும் முதல் அடியோடு நிறுத்திவிடுகிறோம். பாட்டு 13 அடி. தீதும் நன்றும் பிறர் தந்து வருவதில்லை என்கிறார். அப்புறம், பேராற்று வெள்ளத்தில் போகும் தெப்பம் போல உயிர் முறைவழியே போகிறது என்கிறார். அதைக் கண்டு தெளிந்ததால் பெரியோரை வியப்பதும் இல்லை, 'சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்று முடிக்கிறார். எல்லாரும் உறவு என்று தொடங்கியவர் யாரையும் இகழாமல் இருப்பதில் வந்து நிற்கிறார். முதல் அடியை மட்டும் படித்தால் இது கைக்கு வராது.

உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த 13 அடிகளையும் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.