வானத்தில் ஒட்டிக்கொண்ட கரும்புள்ளி

சைக்கிளில் போகும் வழியில் நிறுத்தி லென்ஸ் மாற்றிப் படமெடுப்பது என் வழக்கம். சில நாளாக எல்லாப் படங்களிலும் வானத்தில், ஒரே இடத்தில், மங்கலான கரும்புள்ளி. வேறு லென்ஸ் போட்டாலும் அது நகரவில்லை. அப்படியென்றால் தூசி லென்ஸில் இல்லை, கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சார் பக்கம்தான்.

உறுதிசெய்ய அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் துவாரத்தை, எஃப்/16-க்குச் சுருக்கி, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, வெள்ளைச் சுவரைப் படமெடுத்தேன். புள்ளி பளிச்சென்று தெரிந்தது, கூடவே இன்னும் சில. துவாரம் அகலமாகத் திறந்திருக்கும் எஃப்/2.8-இல் ஒன்றையும் காணோம். சென்சாருக்கு முன்னாலுள்ள கண்ணாடியில்தான் தூசி உட்காரும். படத்தில் விழுவது அதன் நிழல். துவாரம் சிறுத்தால் நிழல் கூர்மையாகும்.

லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்குவதால், படத்தின் மேல் இடது மூலைப் புள்ளி, கேமராவை முன்னாலிருந்து பார்த்தால் கீழ் இடது மூலையில் இருக்கும். இது தெரியாவிட்டால் தப்பான இடத்தையே துடைத்துக்கொண்டிருப்போம்.

சரி, பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, மெனுவில் சென்சார் சுத்தம் செய்யும் வசதியைப் போட்டு, லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாய் கீழே பார்க்கும்படி பிடித்து ரப்பர் ப்ளோயரால் ஊதினேன். (வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அழுத்தக் காற்று டப்பாவும் வேண்டாம், திரவத்தைப் பீய்ச்சிவிடும்.) ஒன்று மட்டும் அசையவில்லை. அதற்கு ஸ்வாப், அதாவது சென்சார் துடைக்கும் தட்டைக் குச்சி; என்னுடையது ஃபுல் ஃபிரேம் (24 மி.மீ. உயரமுள்ள பெரிய சென்சார்) என்பதால் 24 மி.மீ. அகலம். ஓரிரு துளி திரவம், ஒரே சீராக ஓர் இழுப்பு, மறுபக்கத்தால் எதிர்த்திசையில் இன்னோர் இழுப்பு. அப்புறம் எஃப்/16-இல் சுவர் சுத்தமாக வந்தது.