கோடை ரேஸ் அனுபவத்தை எழுதி வைப்பது எப்படி

ட்ரையத்லானோ (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் ரேஸ்) 10 கிலோமீட்டர் ஓட்டமோ முடித்துவிட்டு வருபவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும்: செம வெயில், அப்புறம் முடித்த நேரம். பதக்கத்தோடு எடுத்த படத்துக்குக் கீழே போட அது போதும். ஆனால் அடுத்த கோடையில் அதே தூரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, போன தடவை சைக்கிளில் எவ்வளவு குடித்தோம், ஓட்டத்தில் எங்கே கால் பிடித்தது என்று யோசித்தால் ஒன்றுமே நினைவுக்கு வராது. நான் சொல்லப் போவது அந்த அடுத்த ஆண்டு நீங்களே எடுத்துப் படிப்பதற்காக எழுதும் முறை, மற்றவர்களும் படித்து ரசித்தால் சந்தோஷம்.

அன்றே எழுதுங்கள். களைப்பாகத்தான் இருக்கும், உட்கார்ந்து எழுத முடியாவிட்டால் போனில் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள், பிறகு எழுத்தாக்கலாம். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் நல்ல நேரத்தில் முடித்த ரேஸ் முழுக்க நன்றாக இருந்ததாகவும், சொதப்பிய ரேஸ் முழுக்க மோசமாக இருந்ததாகவும் மனசு மாற்றி வைத்துவிடும்.

இதில் ஒரு வரிசை இருக்கிறது, அதை மாற்றாதீர்கள். முதலில் வாட்ச்சைத் திறக்காமல் நினைவில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும். ரேஸை மூன்று பங்காகப் பிரித்து ஒவ்வொரு பங்கிலும் எவ்வளவு சிரமப்பட்டீர்கள் என்று 10க்கு ஒரு எண் கொடுங்கள், எந்தப் பங்கு வேகமாகப் போனது என்று நினைக்கிறீர்களோ அதையும் எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் வாட்ச்சில் இருக்கும் ஸ்ப்ளிட்டும் (ஒவ்வொரு பகுதிக்கும் ஆன நேரம்) ஹார்ட் ரேட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது "முதல் 3 கிலோமீட்டர் மெதுவாகத்தான் போனேன்" என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள், வாட்ச் அதுதான் உங்களுடைய வேகமான பகுதி என்று காட்டும். உங்கள் கணிப்புக்கும் எண்ணுக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் குறிப்பிலேயே அதிகம் உதவக்கூடிய விஷயம், எண்ணை முதலில் பார்த்துவிட்டால் இது கிடைக்கவே கிடைக்காது.

நேரத்துக்கு அதிகாரபூர்வ சிப் டைமை (உங்களிடம் மாட்டிவிடும் சிப் தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோடு வரை பதிவு செய்யும் நேரம்) எடுத்துக்கொள்ளுங்கள். ரோடு ரேஸில் வாட்ச் 10.15 கிலோமீட்டர் என்று காட்டினால் உடனே பாதையை அளந்தவர்களைத் திட்ட வேண்டாம். முறையாக அளக்கும் பாதையை வளைவுகளில் ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில்தான் அளப்பார்கள், அதிலும் தூரம் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் சேர்த்திருப்பார்கள். நாம் கூட்டத்தில் வெளிப்பக்கமாக வளைந்து வளைந்து ஓடுகிறோம், ஜிபிஎஸ் வேறு கொஞ்சம் தள்ளாடும். அதனால் வாட்ச் சொல்லும் பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்) உண்மையைவிடக் கொஞ்சம் அழகாக இருக்கும், அடுத்த ரேஸுக்கான இலக்கை அதை வைத்துப் போடக் கூடாது.

வெயில் என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். கிளம்பும்போது எத்தனை டிகிரி, முடிக்கும்போது எத்தனை, ஈரப்பதம், காற்று, நிழல் இருந்த பகுதி எது, எல்லாம் வேண்டும். சூட்டில் ரத்தத்தின் ஒரு பங்கு தோலைக் குளிர்விக்கப் போய்விடுகிறது, வியர்வையால் ரத்தத்தின் அளவும் குறைகிறது, அதனால் அதே பேஸில் ஓடினாலும் ஹார்ட் ரேட் ஏறிக்கொண்டே போகும். 18 டிகிரியில் ஓடிய ரேஸையும் 32 டிகிரியில் ஓடியதையும் முடித்த நேரத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவது வீண். ரேஸுக்கு முன் எத்தனை நாள் வெயிலில் பயிற்சி செய்தீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடம்பு சூட்டுக்குப் பழக ஏறக்குறைய 10 முதல் 14 நாள் பிடிக்கும்.

குடித்ததற்கு ஒரு கணக்கு இருக்கிறது, பலரும் இதைச் செய்வதில்லை. ரேஸுக்கு முன்பும் பின்பும், வியர்வையைத் துடைத்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். முன்பு 70 கிலோ, பின்பு 68.6, நடுவில் குடித்தது 1 லிட்டர், ரேஸ் 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த 1.4 கிலோவை 1.4 லிட்டராக எடுத்துக்கொண்டு குடித்ததையும் கூட்டினால் 2.4 லிட்டர், அதாவது அந்த வெயிலில் மணிக்கு 1.2 லிட்டர் வியர்வை (நடுவில் சிறுநீர் போயிருந்தால் அதைக் கழிக்க வேண்டும்). எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வேகம் அடிபட ஆரம்பிக்கலாம். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள், இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சாப்பிட்டதை ஜெல் (ரேஸின்போது பிழிந்து விழுங்கும் சர்க்கரைக் கூழ் பாக்கெட்) எண்ணிக்கையாக எழுதாமல் கார்போஹைட்ரேட் கிராமாக எழுதுங்கள், பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். இரண்டு மணி நேரம் வரைக்கும் மணிக்கு 30 முதல் 60 கிராம் என்பது வழக்கமான அளவு, அதைவிட நீண்ட ரேஸில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்ததாக 90 வரை போகிறவர்கள் உண்டு, வயிற்றைப் பழக்கியிருந்தால். எந்த இடத்தில் சாப்பிட்டீர்கள், அடுத்த 20 நிமிடம் வயிறு என்ன சொன்னது என்பதும் வேண்டும்.

ட்ரையத்லான் என்றால் மூன்று நேரம் இல்லை, ஐந்து: நீச்சல், டி1, சைக்கிள், டி2, ஓட்டம். டி1, டி2 என்பவை டிரான்ஸிஷன்கள், அதாவது நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடைவெளி. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் கொண்ட ஸ்பிரிண்ட் தூரத்தில் டிரான்ஸிஷனில் விடும் ஒரு நிமிடத்தை ஓடிப் பிடிக்க வேண்டுமானால் கிலோமீட்டருக்கு 12 விநாடி வேகம் கூட்ட வேண்டும், அது எவ்வளவு கஷ்டம் என்று ஓடுபவர்களுக்குத் தெரியும். அதனால் டி1-இல் செய்ததை வரிசையாக எழுதுங்கள்: வெட்சூட் (நீச்சலுக்குப் போடும் இறுக்கமான ரப்பர் உடை) கழற்றும்போது எங்கே சிக்கியது, ஹெல்மெட் பக்கிளைப் போட்ட பிறகுதானே சைக்கிளை எடுத்தீர்கள் (இல்லாவிட்டால் அபராதம்), ஈரக் காலில் சாக்ஸ் ஏற எவ்வளவு நேரம் ஆனது. நீச்சலில் எந்த மிதவை அருகே நெரிசல், தலை தூக்கிப் பார்க்காமல் எவ்வளவு தூரம் விலகிப் போனீர்கள் என்பது போதும். சைக்கிளையும் ஓட்டத்தையும் மட்டும் தனித்தனியாக எழுதாதீர்கள், ஓட்டத்தின் இரண்டாம் பாதி ஏன் செத்துப் போனது என்பதற்கான பதில் பெரும்பாலும் சைக்கிளின் கடைசி 10 கிலோமீட்டரில் இருக்கும்.

பொதுவில் பகிர்வதாக இருந்தால் உங்கள் வழக்கமான பேஸையும் சொல்லிவிடுங்கள், அது தெரியாமல் "ஈஸியாகப் போனேன்" என்பதை வைத்துக்கொண்டு படிப்பவர் ஒன்றும் செய்ய முடியாது. வெயிலில் தள்ளாடி, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் முடித்ததை வீரக்கதையாக எழுதுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். கடும் உழைப்பின்போது உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி மனக்குழப்பமும் வந்தால் அது ஹீட் ஸ்ட்ரோக், அந்த இடத்திலேயே குளிர்ந்த நீரில் அமிழ்த்திக் குளிர்விக்க வேண்டிய அவசர நிலை. அப்படி நடந்திருந்தால் எந்த அறிகுறி முதலில் வந்தது, எங்கே நின்றிருக்க வேண்டும் என்று எழுதுங்கள், படிக்கிற யாராவது ஒருவர் நேரத்துக்கு நிற்பார்.

கடைசியில் மூன்றே வரி: அப்படியே தொடர வேண்டியது ஒன்று, விட வேண்டியது ஒன்று, அடுத்த முறைக்கு முன் பயிற்சியில் சோதித்துப் பார்க்க வேண்டியது ஒன்று. பத்து திருத்தம் எழுதினால் ஒன்றும் நடக்காது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதியோடு தூரத்தையும் வெப்பநிலையையும் சேர்த்துவிடுங்கள், அடுத்த ரேஸ் வாரத்தில் அதே மாதிரி வெயில் அடித்த ரேஸை மட்டும் எடுத்துப் படிக்கலாம்.