டியூரேஷன் சரி, ஆனால் எந்த இடத்தில்?

பாண்டு போர்ட்ஃபோலியோ கட்டும் குவான்ட் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆப்டிமைசருக்கு (எந்தப் பாண்டில் எவ்வளவு போடலாம் என்று கணக்கிடும் நிரல்) "மொத்த டியூரேஷன் பெஞ்ச்மார்க்கோடு ஒத்துப்போக வேண்டும்" என்ற ஒரே கட்டுப்பாட்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். டியூரேஷன் என்பது ஈல்ட் (பாண்டு தரும் வருட வருமான விகிதம்) ஒரு சதவீதம் மாறினால் விலை சுமார் எத்தனை சதவீதம் எதிர்ப்பக்கம் நகரும் என்ற அளவு; பெஞ்ச்மார்க் என்பது நம் போர்ட்ஃபோலியோவை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல்.

பெஞ்ச்மார்க் முழுக்க 10 வருட ஜீரோ கூப்பன் பாண்டு (இடையில் வட்டி தராமல் கடைசியில் மொத்தமாகத் தருவது) என்று வையுங்கள். அதே வகையில் 2 வருடத்தில் 71.4 சதவீதம், 30 வருடத்தில் 28.6 சதவீதம் போட்டாலும் டியூரேஷன் அதே 10தான். கான்வெக்ஸிட்டி (ஈல்ட் பெரிதாக மாறும்போது விலைக்குச் சாதகமாக இருக்கும் வளைவு) கூடக் கிடைக்கிறதே என்று ஆப்டிமைசர் அந்தப் பக்கம் ஓடும். இப்போது 30 வருட ஈல்ட் மட்டும் 0.5 சதவீதம் ஏறட்டும். உங்கள் போர்ட்ஃபோலியோ சுமார் 4 சதவீதம் இறங்கும். பெஞ்ச்மார்க் அசையவே அசையாது. ரிப்போர்ட்டில் டியூரேஷன் வித்தியாசம் மட்டும் பூஜ்யம் என்று நிற்கும்!

அதனால் 2, 5, 10, 30 வருடப் புள்ளிகளில் கீ ரேட் டியூரேஷனை (அந்தப் புள்ளியின் ஈல்ட் மட்டும் மாறினால் விலை எவ்வளவு மாறும் என்பதை)த் தனித்தனியாகக் கணக்கிட்டு, ஒவ்வொன்றிலும் பெஞ்ச்மார்க்கிலிருந்து எவ்வளவு விலகலாம் என்று வரம்பு வையுங்கள். இந்தக் கீ ரேட் டியூரேஷன்களைக் கூட்டினால், எல்லா ஈல்டும் ஒரே அளவு நகரும்போது வரும் மொத்த எஃபெக்டிவ் டியூரேஷனுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் கர்வ் இன்டர்போலேஷனிலோ (ஈல்ட் கர்வில் புள்ளிகளுக்கு இடையிலான மதிப்பை நிரப்புவது) பணவரவு அட்டவணையிலோ எங்கோ கோளாறு. முதலில் அதைப் பாருங்கள்.

இன்னொன்று. ஆப்டிமைசர் ஆசை ஆசையாக அள்ளும் பாண்டைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அதன் ஈல்ட் ரொம்ப அழகாகத் தெரிந்தால், கடைசியாக எந்தத் தேதியில் டிரேட் ஆனது என்று பாருங்கள். பெரும்பாலும் அது பழைய விலைதான். நானே இதில் ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன்.